சித்திரையில் எத்தனை குடம்?

கேள்வி இதுதான்: "தர்மபுரியில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பின்பக்கம் ஒன்றரை சென்ட் காலியாகக் கிடக்கிறது, மேலே மொட்டை மாடி இருக்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுத் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சமாகுமா? தினமும் எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மாமரமும் வைக்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?"

பதினைந்து வருடமாக இதே ஊரில் செடியோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் காசு. மிச்சமாகாது. அதிலும் இந்த ஊரில் ஆகவே ஆகாது. பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர் போன சந்தைகள். உங்கள் வீட்டில் நாலு செடி குலை குலையாகக் காய்க்கிற அதே வாரத்தில்தான் அங்கே விலை கீழே விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டுச் செடியில் பழம் இருந்ததா என்று கேட்காதீர்கள். சந்தையில் எப்போது இல்லையோ, அப்போது நம் வீட்டிலும் இருக்காது. வெயிலும் மழையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. இங்கே காசு மிச்சம் பிடிக்கத் தக்காளி வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ருசிக்காக இரண்டு செடி வையுங்கள், போதும்.

சந்தையில் வாடிப்போய்க் கிடைப்பது, அல்லது கிடைக்கவே கிடைக்காதது எதுவோ அதை வைத்தால்தான் வீட்டுத் தோட்டத்துக்கு அர்த்தம். கீரை, கறிவேப்பிலை, மணத்தக்காளி, தூதுவளை, பிரண்டை, பந்தல் அவரை, ஒரு எலுமிச்சை. களி கிண்டி இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஒரு கை கீரை கிள்ளி வந்து கடைந்து பாருங்கள். கட்டுக்கீரை வாங்கிப் பழகிய நாக்குக்கு அது வேறு பண்டம் மாதிரி இருக்கும்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? செடியிலிருந்து இல்லை, தண்ணீரிலிருந்து. புதிதாகத் தோட்டம் போடுகிற எல்லாரும் ஐப்பசி மழையில் ஆரம்பிக்கிறார்கள். வானமே ஊற்றுகிறது, நட்டதெல்லாம் துளிர்க்கிறது, கை துறுதுறுக்கிறது, செடி வளர்க்கிற பையைப் பை பையாக வாங்கி அடுக்குகிறார்கள். சித்திரையில்தான் கணக்கு வரும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு அடி அகலப் பை ஒன்று தினம் இரண்டு லிட்டர் குடிக்கும். இருபத்தைந்து பைக்கு ஐம்பது லிட்டர். தரையில் நூறு சதுர அடிப் பாத்திக்கு இன்னொரு ஐம்பது. ஆக மொத்தம் ஏழு குடம், தினமும், ஞாயிறு விடுமுறை கிடையாது. அந்த ஏழு குடத்தை உங்களால் ஊற்ற முடியும் என்றால் அதுதான் உங்கள் தோட்டத்தின் அளவு. மழைக்காலத்தில் எத்தனை செடி வளர்க்க முடியும் என்பது கணக்கே இல்லை.

நான் முதல் வருடம் எண்பது பை வைத்தேன். மாசி முடிவதற்குள் போர்வெல் காற்று வாங்க ஆரம்பித்தது. குடிக்கவும் குளிக்கவும் டிராக்டரில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த வீட்டில், வெண்டைக்கு ஊற்ற பக்கெட்டைத் தூக்கினால் வீட்டுக்காரம்மா பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தச் சித்திரையில் அறுபது பை காய்ந்தது.

அளவு மட்டுமில்லை, தண்ணீரின் குணமும் பார்க்க வேண்டும். நம் பக்கம் அடியில் பாறை. ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் உப்பு அதிகம். ஃப்ளூரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. அந்தத் தண்ணீரை டியூப் போட்டுச் செடிக்குப் பிடிக்க நினைக்காதீர்கள், தெருவே சண்டைக்கு வரும், வருவதும் நியாயம். போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் சில மாதத்தில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கறிவேப்பிலை முதலில் காட்டிக்கொடுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். அது உரப் பசி என்று நினைத்து யூரியா வைப்பார்கள், இன்னும் மோசமாகும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பும் காரமும் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. நன்றாக மக்கிய எருவும் மழைத் தண்ணீரும்தான் நிரந்தர மருந்து. அவசரத்துக்கு அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும்.

இன்னொன்று, ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நாம் குடிக்காமல் ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் வாய்க்கால் வெட்டி விட்டுவிடுங்கள்.

மழைத் தண்ணீருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தர்மபுரிக்கு ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். பெருக்கினால் 79,000 லிட்டர். அதில் பாதி ஆவியாகி, வழிந்து போனால்கூட மீதிப் பாதி லேசான சொத்தில்லை. எல்லாவற்றையும் தொட்டியில் பிடிக்க முடியாது. இரண்டு இருநூறு லிட்டர் டிரம் வைத்து, நிரம்பி வழிவதைப் போருக்குப் பக்கத்தில் உறிஞ்சு குழிக்கு விட்டால் போதும். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது பேருக்குப் பைப் மாட்டியவர்கள் நிறைய. புது வீட்டுக்காரரான நீங்கள் அந்தப் பைப் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் மழையில் நின்று பாருங்கள்.

அடுத்தது மண். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பின்பக்கம் கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியும் சிமெண்ட் பாலும் கலந்து கிடந்ததால், இரண்டு டிராக்டர் செம்மண் வெளியிலிருந்து அடித்தேன். பார்க்க லட்டு மாதிரி இருந்தது. பத்தாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை தலைகாட்டியது. புல்தானே என்று பிடுங்கினேன். பிடுங்கினால் மேலே இருப்பது மட்டும் கையோடு வரும், அடியில் கறுப்பாகச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழங்கு அங்கேயே நிற்கும். கோரை. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் மூன்று வரும். களைக்கொத்தால் வெட்டினால் இன்னும் குஷி, வெட்டின துண்டெல்லாம் முளைக்கும். எதிர்வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கோரையைக் காசு குடுத்து வாங்கினவன் இந்தத் தெருவிலேயே நீதாம்பா" என்றார். மூன்று வருடம் ஆனது. கடைசியில் சித்திரை வெயிலில் மண்ணை ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, ஜல்லி சலிக்கிற சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்கி எடுத்துத்தான் அடக்கினேன். சலித்துப் போட்ட கிழங்கு ஒரு சிமெண்ட் மூட்டை நிறைய இருந்தது. ஆகையால் மண் வாங்குவதற்கு முன்னால், வெட்டுகிற இடத்துக்கே போய், மேலே என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் தோண்டியும் பாருங்கள்.

எருவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சைச் சாணியைப் போடாதீர்கள், அதில் வண்டு முட்டை வைத்து, விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு வரும். ஆறு மாதம் மக்கிய தொழு உரமும் பழைய ஆட்டுப் புழுக்கையும் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு போட்டு மூடி வைத்தால் நாற்றம் வராது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்வார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அந்த ஓடு கரைவதற்குள் செடியின் ஆயுள் முடிந்துவிடும். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்துக் காய் சரியாக வரும்.

இப்போது நான் ஆசையாகப் பேசுகிற இடம்: அவரை. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மற்ற செடிக்குப் பழமொழி, கொடி அவரைக்குச் சட்டம். விவரம் தெரியாத காலத்தில் தையில் ஒருமுறை விதைத்தேன். கொடி பந்தலை மூடியது, மாடிக் கைப்பிடியைப் பிடித்தது, பக்கத்து வீட்டு வேம்பிலும் ஏறியது. ஒரு பூ இல்லை. நாட்டு அவரைக்குப் பகல் குறுகினால்தான் பூக்கிற புத்தி வரும். பகல் நீண்டுகொண்டே போகிற மாதங்களில் அது இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகையில் பனி இறங்குகிற நேரத்துக்குக் கணக்காகப் பூக்கும். மாசி வரை காய். ஊதாப் பூ ரகமும் வெள்ளைப் பூ ரகமும் உண்டு. மார்கழிக் காலையில் பந்தலுக்கு அடியில் போய் நின்றால், இலையிலிருந்து பனி சொட்டிப் பிடரியில் விழும். காய் பறிக்கிற கை விறைக்கும். பிஞ்சைப் பொரியலுக்குப் பறித்து, முற்றினதை விட்டுவைத்தால் கொட்டைக்கு ஆகும். அவரைக்குச் சொந்தக்காரனான மொச்சையையும் ஓரத்தில் நாலு ஊன்றினால், ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி, பிதுக்கம் பருப்புக் குழம்பு. அதற்குக் கேழ்வரகுக் களி. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வருவது என்னைப் பார்க்க இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதே பனியில் அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பும், கறுப்பாக, மை பூசினது போல. காலையில் இலை ஈரமாக இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினால் ஒட்டிக்கொண்டு அடங்கும். விறகடுப்பு இல்லாத வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? டீக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

இன்னொரு சந்தோஷம் சுரைக்காய். "பூ பூவா வருது, ஒரு பிஞ்சு நிக்கலை" என்று எல்லாரும் புலம்புவார்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, மெல்லிய நீளக் காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிச் சுரைக்காய் இருக்கும். சுரைப்பூ மாலை மயங்குகிற நேரத்தில்தான் விரியும், இருட்டில் வருகிற அந்துப்பூச்சிதான் அதற்குத் தூது. ஊருக்குள் விளக்கும் புகையுமாக இருக்கிற இடத்தில் அது வராமல் போனால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அந்த வேலையை நாமே செய்யலாம். ஆபீஸ் விட்டு வந்து, காபி குடித்து, ஆறரை மணிக்கு ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கிற தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றி எடுங்கள். ஒரு நிமிட வேலை. மூன்றாம் நாள் பிஞ்சின் காம்பு கனத்துத் தலை கவிழ்ந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். வேலைக்குப் போகிற உங்களுக்கு இது தோதான செடி. பூசணி அப்படியில்லை, விடியற்காலையில் விரிந்து பத்து மணிக்கெல்லாம் சுருங்கிவிடும்.

தொல்லைக்கு வருவோம். நம் ஊரில் முதல் எதிரி பூச்சி இல்லை, மயில். நெருக்கி விதைத்த கீரை முளைத்து இரண்டு இலை விட்ட அன்று, விடியற்காலை ஐந்தரைக்கு நாலு மயில் மதிலில் உட்கார்ந்திருக்கும். விரட்டினால் பக்கத்து மதிலுக்கு நடந்து போகும், பறக்கக்கூட மெனக்கெடாது. அடிக்கவும் கூடாது, தேசியப் பறவை. பழைய மீன்வலையை இரண்டடி உயரத்தில் கட்டிவிடுவதுதான் வழி. கீரை நாலு விரற்கடை வளர்ந்துவிட்டால் அப்புறம் சீண்டுவதில்லை. அணிலுக்கு வழியே இல்லை, அதன் பங்கை ஒதுக்கிவிடுங்கள்.

கத்தரிக் கொழுந்து நல்ல வெயில் இல்லாமலே தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. தொங்குகிற இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள். எருக்குழியில் போட்டால் அது அங்கிருந்தே அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவற்றுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் மிதக்கும், முதலில் துளி காதி சோப்புக் கரைசலில் குழைத்து அப்புறம் தண்ணீர் சேருங்கள். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே தெளிப்பில் போகவில்லையே என்று கடைக்காரர் கொடுக்கிற ஏதோ பாட்டிலை வாங்கி அடிக்காதீர்கள். 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான் அடக்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்த மாதிரி வேலைக்காரர்கள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். விஷம் அடித்தால் முதலில் சாவது அவர்கள்தான்.

மாமரம்: வையுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று, அதுவும் ஒட்டுக்கன்று. போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள், ஊரே மாங்கன்றுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, நன்றாகக் காய்க்கும். ஆனால் வீட்டில் தின்ன வேண்டும் என்றால் செந்தூராவோ அல்போன்சாவோ கேளுங்கள். மூன்றடிக் குழி. ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு செத்து அடிக்கன்று மரமாகிவிடும். முதல் மூன்று வருடம் பூவை உருவிவிடுவதற்கு மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வைக்க இடமில்லை என்றால் மாமரத்தை மறந்துவிட்டு எலுமிச்சை வையுங்கள். அதியமான் ஊர் ஆயிற்றே என்று நெல்லி வைக்கத் தோன்றும். ஒற்றை மரமாக வைத்தால் பூக்கும், காய்ப்பது சந்தேகம். வேறு ரகத்தில் இன்னொன்று பக்கத்தில் வேண்டும். ஒன்றரை சென்டில் அதற்கு இடம் ஏது?

மாடியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு அடிப் பை நனைந்தால் இருபது கிலோ பக்கம் வரும். நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் ஈரம் தங்கினால் தளம் கெடும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கலக்குங்கள். ஆடிக் காற்றில் நம் மாடியில் நிழலுக்குக் கட்டுகிற பச்சை வலை நிற்காது, கம்பியோடு பிய்த்துக்கொண்டு போகும். வலையைப் பங்குனியில் கட்டி ஆனி முடிவதற்குள் அவிழ்த்துவிடுவது என் வழக்கம்.

நேரம் கேட்டீர்கள். தினம் காலையில் அரை மணி, அதில் பத்து நிமிடம் சும்மா பார்ப்பதற்கு. பார்க்கிற பத்து நிமிடத்தை விட்டால் மற்ற இருபது நிமிட வேலை இரண்டு மணி நேரமாகும், ஏனென்றால் பூச்சி அப்பிய பிறகுதான் கண்ணில் படும். ஞாயிறு இரண்டு மணி நேரம். வருடத்தில் இரண்டு முறை, ஆடிக்கு முன்னாலும் தைக்குப் பிறகும், மண் கொத்தி எரு கலந்து பந்தல் கட்ட முழு நாள் இரண்டு. முதுகு பிடித்துக்கொள்ளும், ஆள் கூலிக்குக் கிடைப்பதும் கஷ்டம். ஊருக்குப் போவதாக இருந்தால் சாவியோடு சேர்த்துத் தண்ணீர்க் குழாயையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். சித்திரையில் நாலு நாள் கல்யாணம் என்றால் நாங்கள் ஆளுக்கு இரண்டு நாளாகப் போய்வருகிறோம். பாத்தியில் சருகை நாலு விரற்கடைக்கு மூடாக்காகப் போட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலும் தாங்கும். பை தாங்காது.

நோய் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு இலையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். செல்போன் படத்தைவிட இலையைக் கையில் பார்த்தால் சரியாகச் சொல்வார்கள்.

இப்போது வைகாசி. கோடை மழை இரண்டு பெய்திருக்கிறது, மண் கொத்த இளகும். இந்த மாதம் மண், அடுத்த மாதம் எருவும் பந்தல் காலும், ஆடிப் பெருக்கன்று விதை. முதல் வருடம் ஒரு கீரைப் பாத்தி, ஒரு அவரைப் பந்தல், ஒரு சுரை, ஒரு கறிவேப்பிலை. அவரை விதை நான் தருகிறேன், ஊதாப் பூ ரகம். வரும்போது ஒரு காலி டப்பா எடுத்து வாருங்கள். எங்கள் வீட்டு டப்பாவெல்லாம் விதை போட்டு வைத்தே தீர்ந்துவிட்டது என்று சமையலறையில் ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.